21 சீட் கூடியும் முகம் தொங்கிப்போன கட்சி

2024 ஜூன் 7 அன்று அயர்லாந்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மொத்தம் 949 இடங்களில், வடக்கும் தெற்கும் ஒரே அயர்லாந்தாக வேண்டும் என்கிற ஷின் ஃபெயின் கட்சி 102 பிடித்தது. 2019-ல் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது 81. கணக்குப்படி 21 இடம் லாபம். ஆனால் எண்ணும் கூடத்தில் அந்தக் கட்சிக்காரர்கள் நின்ற கோலத்தைப் பார்த்த யாரும் அதை வெற்றி என்று சொல்ல மாட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கருத்துக்கணிப்பில் 35 சதவீதத்தைத் தொட்டிருந்த கட்சி. கட்சித் தலைவி மேரி லூ மெக்டொனால்ட்தான் அடுத்த பிரதமர் என்று எழுதாத பத்திரிகை இல்லை. பெட்டியைத் திறந்தால் முதல் விருப்ப ஓட்டு 12 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

நம் ஆட்களிடம் ஷின் ஃபெயின் என்றால் பாபி சாண்ட்ஸின் உண்ணாவிரதம், பழைய தலைவர் ஜெர்ரி ஆடம்ஸின் தாடி, பேச்சுவார்த்தை மேசை, இவைதான் ஞாபகத்துக்கு வரும். ஈழத்துக்காரர்களுக்கு இன்னொன்றும் வரும்: அந்தக் கட்சியின் மார்ட்டின் மெக்கின்னஸ் 2006-ல் கிளிநொச்சி வரை போய்ப் புலிகளின் அரசியல் பிரிவினரைப் பார்த்தது. துப்பாக்கியும் சமாதானமும் பற்றித் தமிழில் நிறையவே எழுதியாகிவிட்டது. கவுன்சிலர் சீட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கென்னவோ அந்தக் கட்சியின் உண்மையான கதையே அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. நாட்டு அளவில் அடிக்கிற கோப அலை ஒரு கட்சியைப் பாராளுமன்றம் வரை தூக்கிக்கொண்டு போகும். வார்டில் அது செல்லாது. அங்கே வருஷக்கணக்கில் ஆள் வந்து நின்றிருக்க வேண்டும். இதைப் பிரிட்டன் வசம் இருக்கும் வடக்கில் கரைத்துக் குடித்த கட்சி, தனி நாடான தெற்கில் ஏன் கோட்டை விட்டது என்பதுதான் என் கேள்வி.

வடக்கு அயர்லாந்தில் கவுன்சில் என்பது ஒரு காலத்தில் உயிர்நாடி. டெரி நகரத்தில் கத்தோலிக்கர்தான் பெரும்பான்மை. ஆனால் வார்டு எல்லைகளை வளைத்து வளைத்து வரைந்ததால், பிரிட்டனோடே இருக்க வேண்டும் என்கிற யூனியனிஸ்டுகள் 12 பேரும் மற்றவர்கள் 8 பேருமாகத்தான் மாநகராட்சி அமையும். உள்ளாட்சியில் ஓட்டு எல்லோருக்கும் கிடையாது, உள்ளூர் வரி கட்டுகிற வீட்டுக்காரருக்கும் அவர் துணைக்கும் மட்டும். அப்பா வீட்டில் தங்கியிருக்கும் முப்பது வயது மகனுக்கு ஓட்டு இல்லை. கம்பெனி வைத்திருப்பவருக்கோ கூடுதலாக ஆறு ஓட்டு வரை உண்டு. வீடு ஒதுக்குவதும் அதே கவுன்சில்தான். ஒருவருக்கு வீடு கொடுத்தால் கூடவே ஓட்டையும் கொடுத்ததாகிவிடும் என்பதால், கொடுக்க மாட்டார்கள். 1968 ஜூனில் கேலடன் என்ற சின்ன ஊரில் கத்தோலிக்கக் குடும்பங்கள் வரிசையில் காத்திருக்க, கல்யாணமாகாத 19 வயதுப் புராட்டஸ்டன்ட் பெண் ஒருவருக்கு ஒரு வீட்டை ஒதுக்கினார்கள். ஆஸ்டின் கரி என்ற எம்.பி. அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். சிவில் உரிமைப் போராட்டம் சூடு பிடித்தது அதற்கப்புறம்தான். அவர் ஷின் ஃபெயின்காரர் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிற்காலத்தில் எல்லாப் பெருமையையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் பழக்கம் அந்தக் கட்சிக்கு உண்டு.

1971-ல் வீட்டு வசதியைக் கவுன்சில்களிடமிருந்து பிடுங்கித் தனி வாரியத்திடம் கொடுத்தார்கள். கவுன்சில்களுக்கு மிஞ்சியது குப்பை, நீச்சல் குளம், இடுகாடு. அதிகாரமே இல்லாத அந்த இடத்துக்குத்தான் ஷின் ஃபெயின் 1980-களில் போட்டி போட வந்தது. 1983-ல் அலெக்ஸ் மாஸ்கி இடைத்தேர்தலில் ஜெயித்து பெல்ஃபாஸ்ட் மாநகராட்சிக்குள் கால் வைத்தார். அவர் பேச எழுந்தாலே கூச்சல். 1985-ல் வடக்கு முழுக்க 59 பேர் ஜெயித்தார்கள். எதிரே நின்ற, யூனியனிஸ்டுகளின் டியுபி கட்சியின் தேர்தல் முழக்கமே 'ஷின் ஃபெயினை நொறுக்கு' என்பதுதான். 1987-ல் மாஸ்கியை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டார்கள், பிழைத்துக்கொண்டார். 2002-ல் அதே ஆள் அதே நகரத்துக்கு மேயர். முதல் உலகப் போரில் சொம் களத்தில் செத்தவர்களுக்கு அந்த ஜூலை 1 அன்று மலர் வளையம் வைத்தார். பிரிட்டிஷ் சீருடையில் செத்தவர்களுக்கு பிரிட்டன் போக வேண்டும் என்கிற ஒரு குடியரசுவாதி வளையம் வைத்ததை அவர் தெருவில் எல்லோரும் ரசித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் வைத்தார்.

எனக்கு அவரைவிட எடி ஃபுல்லர்டனைப் பற்றித்தான் சொல்ல ஆசை. எல்லைக்கு இந்தப் பக்கம், டோனெகால் மாவட்டத்தில் பங்க்ரானா என்ற கடலோர ஊர்க்காரர். 1979 முதல் மாவட்டக் கவுன்சிலர். அந்தப் பகுதியின் தண்ணீர்ப் பிரச்சினைக்கு அணை ஒன்றுதான் வழி என்று விடாமல் மன்றாடியவர். 1991 மே மாதம் யூனியனிஸ்ட் ஆயுதக் குழுவினர் எல்லை தாண்டி வந்து, ராத்திரியில் வீட்டுக் கதவை உடைத்து, அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை. அந்த அணை கட்டப்பட்டது. அதற்கு இப்போது அவர் பெயரும் இருக்கிறது. அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேர் ஒன்றுபட்ட அயர்லாந்துக்காகப் போட்டார்கள், எத்தனை பேர் குழாயில் தண்ணீர் வருவதற்காகப் போட்டார்கள் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தப் பிரிக்க முடியாத ஓட்டுதான் கட்சியின் அஸ்திவாரம்.

மேற்கு பெல்ஃபாஸ்டில் இதையே ஆலோசனை மையங்கள் வழியாகச் செய்தார்கள். ஒரு மேசை, ஒரு தொலைபேசி, வரிசையாக நாற்காலிகள். சுவரில் ஈரம் ஏறுகிறது, உதவித்தொகை நின்றுவிட்டது, மகனை ராணுவம் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஆட்கள் வருவார்கள். படிவத்தை அங்கேயே உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பார்கள். டிவிஸ் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஈரத்தையும் ஆஸ்பெஸ்டாஸையும் எலிகளையும் எதிர்த்துக் குடியிருந்தவர்களே போராடி, கடைசியில் ஒரே ஒரு கோபுரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இடிக்க வைத்தார்கள். கட்சி கூட நின்றது. முன்னால் நின்றவர்கள் அந்தத் தாய்மார்கள்.

சரி, இதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் அது பிரச்சாரம். தெருவைக் கையில் வைத்திருப்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. போலீஸ் வர முடியாத பகுதிகளில் திருட்டுப் பையன்களின் முழங்காலில் சுட்டது, கட்சியோடு கைகோத்திருந்த ஆயுத இயக்கமான ஐ.ஆர்.ஏ. என்று எல்லோருக்கும் தெரியும். 2005 ஜனவரியில் ராபர்ட் மெக்கார்ட்னி என்பவரை ஐ.ஆர்.ஏ. ஆட்கள் பெல்ஃபாஸ்ட் பப் ஒன்றின் வாசலில் குத்திக் கொன்றார்கள். உள்ளே ரத்தத்தைக் கழுவி, கேமரா பதிவையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று அங்கே இருந்த எழுபதுக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டால், சம்பவம் நடந்தபோது கழிவறையில் இருந்தேன் என்று ஆளாளுக்கு ஒரே பதில். செத்தவரின் குடும்பமும் அதே கட்சிக்கு ஓட்டுப் போட்டு வந்த குடும்பம்தான். அவருடைய சகோதரிகள் ஊரை எதிர்த்துக்கொண்டு வெள்ளை மாளிகை வரை போய் நியாயம் கேட்டார்கள். 'சமூகத்தோடு கலந்த கட்சி' என்று யாராவது உருகி எழுதும்போது எனக்கு அந்தப் பெண்கள் ஞாபகம் வந்துவிடுகிறது.

2023 மே மாதம் வடக்கில் அறுவடை. 462 இடங்களில் 144. போன தடவையைவிட 39 அதிகம். டியுபி 122-ல் நின்றது. உள்ளாட்சியில் சீட் கணக்கில் முதல் இடம் என்பது வடக்கில் ஷின் ஃபெயினுக்கு அதுதான் முதல் முறை. அதில் குப்பை அள்ளுவது போன்ற வார்டு வேலைக்காக விழுந்த ஓட்டு எவ்வளவு என்றால், அந்த வருஷம் கொஞ்சம்தான். 2022 சட்டமன்றத் தேர்தலில் 27 இடத்தோடு முதலிடம் பிடித்தும் மிஷேல் ஓநீல் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார முடியவில்லை, டியுபி உள்ளே வர மறுத்துக்கொண்டிருந்தது. அந்த ஆத்திரத்தில் சொந்தத் தரப்பின் இன்னொரு கட்சியான எஸ்.டி.எல்.பி.யின் ஓட்டும் இந்தப் பக்கம் சாய்ந்தது. அவர்கள் 59-லிருந்து 39-க்கு இறங்கினார்கள். அப்படியானால் அலை வார்டிலும் வேலை செய்கிறதே என்று கேட்கலாம். செய்தது. ஏனென்றால் அலை வந்தபோது ஒவ்வொரு வார்டிலும் நாற்பது வருஷமாக ஆள் இருந்தது.

தெற்கில் அது இல்லையா என்றால், ஒரு காலத்தில் டப்ளினின் சில தெருக்களில் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஹெராயின் நகரத்தின் நடுப்பகுதிக் குடியிருப்புகளைத் தின்றுகொண்டிருந்தது. போலீஸ் கண்டுகொள்ளவில்லை. பெற்றோர்கள் கூடி, விற்கிறவன் வீட்டு வாசலுக்கே ஊர்வலமாகப் போய் 'காலி பண்ணு' என்றார்கள். இது சட்டத்தைக் கையில் எடுப்பது என்று கண்டித்தவர்களும் உண்டு, அவர்கள் சொன்னது முழுத் தப்பும் இல்லை. அந்தக் கூட்டங்களில் நின்ற கிறிஸ்டி பர்க் 1985-ல் ஷின் ஃபெயின் கவுன்சிலர் ஆனார். 2009-ல் ஜெயித்த கையோடு கட்சியை விட்டு விலகினார். 2014-ல் சுயேச்சையாக நின்றும் ஜெயித்து, டப்ளின் மேயரானார். தெரு அவர் பின்னால் போனது, கட்சியின் பின்னால் அல்ல.

அதே 2014-ல்தான் கட்சிக்கு முதல் பெரிய அலை. பொருளாதாரச் சரிவு, வெட்டுகள், தண்ணீர்க் கட்டணம் என்று ஊரே கொதித்தபோது 54 இடத்திலிருந்து ஒரே தாவலில் 159. இங்கேதான் சறுக்கல் தொடங்கியது என்பேன். பெயரும் முகமும் ஊருக்குத் தெரியாத ஆட்கள் போஸ்டர் பலத்தில் கவுன்சிலர் ஆனார்கள். அந்த அக்டோபரில் டப்ளின் தென்மேற்கில் இடைத்தேர்தல். தண்ணீர்க் கட்டணத்தைக் கட்சி எதிர்த்தது, ஆனால் 'கட்டாதே' என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்கியது. அதைச் சொன்ன இடதுசாரி பால் மர்ஃபி ஜெயித்துவிட்டார். அடுத்த ஐந்து வருஷத்தில் கவுன்சிலர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள், உள்ளே மிரட்டல் என்ற புகார்கள் வந்தன. 2019-ல் 159 பாதியாகி 81 ஆனது.

அந்த அடியில் பயந்து 2020 பொதுத் தேர்தலில் 42 பேரை மட்டும் நிறுத்தினார்கள். அப்போது பார்த்து இன்னொரு அலை! 24.5 சதவீதம், 37 இடம். டப்ளினில் டெனிஸ் மிட்செலுக்கு 21,000-க்கும் மேல் முதல் ஓட்டு. கூட ஒருவர் நின்றிருந்தால் அவரும் உள்ளே போயிருப்பார், ஆனால் நிற்க ஆளில்லை. கிளேர் மாவட்டத்தில் வயலட்-ஆன் வின் 2019-ல் கவுன்சிலர் தேர்தலில் தோற்றவர், ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பாராளுமன்ற உறுப்பினர். வார்டுக்காரர்கள் வேண்டாம் என்றவரை மாவட்டமே தூக்கி வைத்தது. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சூடுபட்ட கட்சி 2024-ல் மறுபக்கம் ஓடி 335 பேரை நிறுத்தியது. இங்கே ஓட்டு என்றால் பென்சிலால் 1, 2, 3 என்று எண் போடுவது. பெட்டியைக் கவிழ்த்ததும் ஊழியர்கள் சீட்டுகளை ஒவ்வொன்றாக விரிப்பார்கள். இரும்புத் தடுப்புக்கு இந்தப் பக்கம் எல்லாக் கட்சி ஆட்களும் எட்டிப் பார்த்து அட்டையில் கோடு போட்டுக்கொண்டே வருவார்கள். மதியத்துக்குள் யார் தேறுவார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒரே வார்டில் சொந்தக் கட்சிக்காரர் மூவர் இருந்து முதல் ஓட்டு சிதறினால், மற்ற கட்சிக்காரர்கள் தருகிற இரண்டாம் மூன்றாம் எண்தான் காப்பாற்ற வேண்டும். ஷின் ஃபெயினுக்கு அந்த எண்ணைத் தர ரொம்ப காலம் பலர் கூசினார்கள். அந்தக் கூச்சத்தை உடைப்பது தெரிந்த முகம் மட்டும்தான்.

இந்தத் தேர்தலில் எனக்கும் ஓட்டு உண்டு. அயர்லாந்தில் உள்ளாட்சிக்குக் குடியுரிமை தேவையில்லை, இங்கே வசித்தால் போதும். நம் ஆட்களில் பாதிப் பேர் இது தெரியாமல் பதிவே செய்வதில்லை, தயவுசெய்து செய்யுங்கள். என் வாசலுக்கு ஷின் ஃபெயின் சார்பில் வந்தது ஒரு நல்ல பையன். வாடகை, வீட்டு விலை எல்லாம் சரியாகப் பேசினான். எங்கள் தெரு முனையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடக்க ஒரு நடைபாதைக் கடவு வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கேட்கிறோமே, தெரியுமா என்றேன். தெரியவில்லை. எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத கட்சியிலிருந்து ஒரு அம்மா அதற்காக மூன்று கடிதம் எழுதியிருந்தார். அவருக்கு 1 போட்டேன். பையனுக்கு 3.

இன்னொன்றும் இருந்தது. 2022 நவம்பரில் டப்ளினின் ஈஸ்ட் வால் பகுதியில் அகதிகளுக்கு எதிராகத் தொடங்கிய போராட்டங்கள் கட்சியின் சொந்தத் தெருக்களுக்குள்ளேயே பரவின. ஷின் ஃபெயின்காரர்களைத் துரோகி என்று கத்தினார்கள். கட்சி அவர்களுக்கும் பதில் சொல்ல முயன்று, எங்களைப் போன்றவர்களுக்கும் நல்ல பிள்ளையாக இருக்க முயன்று, இரண்டு பக்கமும் நம்பாத ஒரு குரலில் பேசியது. எல்லையைத் திறந்துவிடச் சொல்லவில்லை என்று அந்தப் பையனே கேட்காமலே என்னிடம் ஒரு தடவை சொன்னான். என்னிடம் எதற்கு அதைச் சொன்னான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. 186 சுயேச்சைகள் ஜெயித்தது சும்மா அல்ல.

அடுத்து 2027 மே மாதம் வடக்கில் கவுன்சில் தேர்தலும் சட்டமன்றத் தேர்தலும் வருகின்றன. 2024 பிப்ரவரியில் மிஷேல் ஓநீல் முதலமைச்சர் ஆகிவிட்டார். வடக்கில் சாலைப் பள்ளங்களை அடைப்பது கவுன்சிலின் வேலையில்லை, உள்கட்டமைப்புத் துறையின் வேலை. அந்தத் துறையின் அமைச்சர் ஷின் ஃபெயின். நாற்பது வருஷமாக ஆலோசனை மையத்தில் உட்கார்ந்து 'அரசாங்கத்துக்கு எழுதுகிறேன்' என்று சொல்லி ஓட்டு வாங்கியவர்கள், பள்ளத்தில் டயர் கிழிந்து வருகிற ஆளிடம் இனி யாருக்கு எழுதுவதாகச் சொல்வார்கள் என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.