அம்மாவின் வேட்டையை நிறுத்தாதீர்கள், கருவியை மாற்றுங்கள்

இந்தியாவில் இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை என்றாலே வழக்குதான். அமெரிக்காவின் விஸ்கான்சினில் அது உரிமம் வாங்கி, குடும்பத்தோடு போய், குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்க்கிற காரியம். அப்படி வேட்டைக்குப் போகிற ஓர் அம்மாவுக்கு மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம் வந்துவிட்டால், "குளிர்ல நீ எதுக்கும்மா, பையன் போகட்டும்" என்று சொல்லிவிடுவது சுலபம். அதைப் பாசம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆண்டு முழுக்க வலியோடு இருப்பவரிடமிருந்து அவருக்குப் பிடித்த ஒன்றைப் பறிக்கும் முன், நோய் எந்த இடத்தில் தடுக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தை மட்டும் சரிசெய்யுங்கள்.

முதலில் நேரம். இந்த நோயில் காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். விடியலுக்கு முன்பே போய் உட்கார்ந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. வெள்ளைவால் மான் அந்தியிலும் நடமாடும். மதியம் போய் உட்கார்ந்தால் போதும். மெத்தோட்ரெக்சேட் இந்த நோய்க்கு வாரம் ஒருமுறை எடுக்கும் மருந்து, மறுநாள் பலருக்குச் சோர்வும் குமட்டலும் வரும். எந்தக் கிழமை எடுப்பது என்று சீசனுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தானாக நாளை மாற்றவோ, விட்டதற்கு ஈடாகக் கூடுதலாக எடுக்கவோ கூடாது. உயிருக்கே ஆபத்து.

மரத்தின் மேல் பரண் வேண்டாம். பிடி நழுவும் கைக்கு ஏணி எமன். தரையில் மறைகூடாரம் போடுங்கள், அதையும் சில வாரம் முன்பே போட்டால்தான் மான் பழகும். உள்ளே சருகுகளைக் கூட்டி வெறும் மண்ணாக்குங்கள். வலியால் காலை மாற்றி மாற்றி வைப்பவருக்குச் சருகுச் சத்தம்தான் முதல் எதிரி. பின்பக்க ஜன்னல்களை மூடி, உள்ளே கறுப்பு உடை அணியட்டும். பின்னால் வெளிச்சம் இருந்தால் உருவம் நிழலாகத் தெரிந்துவிடும். சுழலும் நாற்காலியின் உயரம் ஜன்னலுக்குப் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே அளந்துவிடுங்கள். துப்பாக்கி சீசனில் மட்டும் கறுப்புக்குப் பதில் ஆரஞ்சு உடை அணியட்டும், கூடாரத்துக்கு வெளியிலும் ஆரஞ்சுத் துணி கட்டுங்கள்.

ஆயுதத்தில்தான் பெரிய வித்தியாசம். தோளும் மணிக்கட்டும் .30-06 ரகத் துப்பாக்கியின் உதையைத் தாங்காது; சிறிய குண்டு போடும் .243 ரகம் கிட்டத்தட்ட பாதி உதையோடு மானை வீழ்த்தும். முக்காலி எடையைச் சுமக்கட்டும், விரல் விசையை மட்டும் பார்க்கட்டும். விஸ்கான்சினில் 2014 முதல் கிராஸ்போ, அதாவது துப்பாக்கி போல விசையை அழுத்தி அம்பு எய்யும் குறுக்குவில், எல்லோருக்கும் அனுமதி. செப்டம்பரில் தொடங்கும் அந்தச் சீசன், துப்பாக்கி சீசனைப் போல நவம்பர் குளிர் வரை காத்திருக்க வைக்காது. 150 பவுண்டுக்கு மேல் இழுவிசை உள்ள நாணைக் கையால் இழுக்க விடாதீர்கள். கயிற்று இழுப்பான் பாரத்தைப் பாதியாக்கும், ஆனால் வீங்கிய விரலுக்கு அதுவும் அதிகம். கைப்பிடியைச் சுற்றி நாணை இழுக்கும் கருவிதான் சரி, தானாக நிற்கும் தடை உள்ளதாக வாங்குங்கள். பழைய வகையில் பிடி நழுவினால் கைப்பிடி திரும்பிச் சுழன்று மணிக்கட்டை அடிக்கும். அம்பு நாணோடு முழுமையாகப் பொருந்தவில்லை என்றால் அம்பில்லாமல் நாண் மட்டும் அடித்து வில்லின் கைகள் உடையலாம். கட்டைவிரல் நாண் ஓடும் தடத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும்.

குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகும் தொல்லையும் இந்த நோயோடு சேர்ந்து வரலாம். தடித்த கையுறை போட்டு விசையைத் தொடக் கூடாது, தெரியாமலே அழுந்திவிடும். இரு கைகளையும் நுழைத்துக்கொள்ள இடுப்பில் கட்டும் உறையில் சூட்டுப் பொட்டலம், விரலில் மெல்லிய கையுறை, இதுதான் முறை. மரத்த தோலில் பொட்டலத்தை நேரடியாக வைத்தால் சுட்டது தெரியாது. கேஸ் ஹீட்டர் போட்டால் கூடாரத்தின் மேல்திறப்பை மூடவே கூடாது, கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் கொல்லும்.

நடையே பெரும் சிரமமானவர்களுக்கு, மருத்துவர் சான்றோடு நிறுத்திய வண்டியிலிருந்து சுடும் அனுமதியும் அந்த மாநிலத்தில் உண்டு. விண்ணப்பிக்க வெட்கப்பட ஒன்றுமில்லை.

மகன் செய்ய வேண்டியது மான் விழுந்த பிறகுதான் இருக்கிறது: பனிச் சறுக்குத் தொட்டியில் ஏற்றி இழுப்பது, வயிற்றைக் கீறிக் குடலெடுப்பது. நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுக்கும் அம்மா பக்கத்தில் நின்றாலும் கையுறை கட்டாயம், வீடு திரும்பியதும் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொத்திய கறியை 71 டிகிரி செல்சியஸ் வரை வேகவைக்காமல் அவருக்குக் கொடுக்காதீர்கள். விஸ்கான்சின் மான்களிடம் மூளையை அரித்து மானைக் கொல்லும் CWD என்ற தொற்றுநோய் 2002இல் கண்டறியப்பட்டது. தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை அந்தக் கறியைத் தனியாகப் பெயரெழுதி உறையவையுங்கள்.