கதைக்கு சம்பந்தமே இல்லாத பாட்டு

கோவான்னா நம்மாளுங்களுக்கு பீச்சும் பாட்டிலும்தான், எனக்கு இப்பல்லாம் தியாத்ர்ங்கற கொங்கணி மேடை நாடகம். 3,702 சதுர கிலோமீட்டர், பரப்பளவுல நாட்லயே சின்ன மாநிலம், ஆனா இன்னைக்கும் டிக்கெட் வாங்கிட்டு இந்த நாடகத்த பாக்க ஜனம் வருது.

வேடிக்கை என்னன்னா இது பொறந்தது கோவாவுலயே இல்ல. போர்ச்சுகீசியர் காலத்துல பொழப்பு தேடி பம்பாய் போன கோவாக்காரங்க நடுவுலதான். லுகாசின்ஹோ ரிபெய்ரோன்னு ஒருத்தர், இத்தாலிய ஆபரா (பாட்டாவே நடக்கற நாடகம்) குழு ஒண்ணுல வேலை பாத்த சூட்டோட 1892 ஏப்ரல் 17ல நியூ ஆல்ஃபிரட் தியேட்டர்ல 'இத்தாலியன் புர்கோ'ன்னு ஒண்ணு போட்டார். அதுல நடிச்ச ஜுவாவ் அகோஸ்தின்யோ பெர்னாண்டஸ்தான் அப்புறம் எழுதி எழுதி இந்தக் கலைக்கே அப்பான்னு பேர் வாங்கினார், 1904ல தன் சம்சாரம் ரெஜினாவையே மேடை ஏத்திட்டார், அதுவரைக்கும் பொம்பள வேஷமும் ஆம்பளைங்கதான்!

ஆனா நான் சொல்ல வந்தது காட்சிகளுக்கு நடுவுல வர்ற 'காந்தார்'ங்கற பாட்டு பத்தி. ஒரு காட்சி முடிஞ்சு திரை விழும், பின்னாடி செட் மாத்துற தடதட சத்தம், முன்னாடி கோட்டு போட்ட ஒருத்தர் வந்து நிப்பார், கீழ ட்ரம்பெட்டும் டிரம்ஸும் லைவ்வா ஆரம்பிக்கும். பாட்டுக்கும் கதைக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. மேடையில அம்மா செத்து அழுதுட்டு இருந்திருப்பாங்க, இவர் வந்து மந்திரிய கிழிப்பார், ரோட்டுல இருக்கற பள்ளத்த பாடுவார். நாடகத்துல இப்படி பாட்டு ஒட்டாம நின்னா பல்ல கடிக்கிற ஆளு நான், இங்க மட்டும் கட்சி மாறிட்டேன். கதை பழசானாலும் பாட்டு இந்த வாரத்து பாட்டுங்க, தியாத்ர் இத்தன வருஷம் உயிரோட இருக்கறதே அதனாலதான்னு நெனைக்கறேன். 1967 ஜனவரி 16ல கோவாவ மகாராஷ்டிராவோட சேக்கலாமான்னு ஓட்டு நடந்தப்ப, வேணாம்னு ஊர் ஊரா போய் பாடினதுல தியாத்ர் பாடகர்களும் உண்டு. சேக்கல.

இதுல ஒரு வயித்தெரிச்சல், தியாத்ர்காரங்க எழுதறது ரோமன் எழுத்துல, அதாவது ABCDல, ஆனா 1987 கோவா ஆட்சிமொழிச் சட்டம் கொங்கணின்னா இந்தி எழுதற தேவநாகரி எழுத்துன்னு எழுதிருச்சு. மேடைய நெறச்சவன் எழுத்துக்கு சட்டத்துல எடம் இல்ல, என்ன நியாயமோ.

சரி அதை விடுங்க. பாட்டு பிடிச்சிருந்தா ஜனம் 'ஒன்ஸ்மோர்'னு கத்தும், பாடினவர் உள்ள போற மாதிரி போய் திரும்பி வருவார், அதே வரிய பாடுவார்னு நெனைச்சா இல்ல, இன்னும் காரமா ஒரு சரணத்த கையில வெச்சிருப்பார் மனுஷன்.