புகை வெளியே போக வேண்டும்

நேற்று அந்தச் சமையல் குழுவில் நடந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். யாருடைய பெயரையும் இங்கே இழுக்கப் போவதில்லை. மட்டக்களப்பு ஆரையம்பதிப் பக்கம் புதுவீடு கட்டிக்கொண்டிருக்கிற ஒரு தங்கச்சி, "அக்காமார், குக்கர் ஹூட் ஒன்று வாங்கப் போறன், எது நல்லம்?" என்று கேட்டிருந்தது. அடுப்புக்கு மேலே பூட்டிப் புகையை உறிஞ்சுகிற சாமானைத்தான் சொல்கிறேன். கேட்டது அவ்வளவுதான். வந்த பதில்களில் பாதி கேலி. மீதி, கண்ணாடி வளைவாக இருந்தால் வடிவு, கையை அசைத்தாலே வேலை செய்யும், பான்ட்ரிக் கபேட் நிறத்துக்குக் கறுப்புத்தான் பொருந்தும் என்ற கதை. சாமான் விற்கிற ஒரு தம்பி வந்து, "குழாய் ஒண்டும் தேவல்ல அக்கா, உள்ளுக்குக் காபன் பில்டர் கிடக்கு, சுவர் உடைக்கிற வேலையே இல்ல" என்றார். அதற்கு நாற்பது ஐம்பது பேர் விருப்பம் போட்டிருந்தார்கள்.

நான் ஒரே ஒரு வரி எழுதினேன். புகையை வெளியே விடாத ஹூட்டை வாங்காதே தங்கச்சி, காசு வீண். உடனே சிரிப்பு முகங்கள். "இவ என்ன இன்ஜினியரா?" என்று ஒருவர். "எங்கட அம்மாமார் ஹூட் வச்சா சமைச்சவங்க?" என்று இன்னொருவர். அந்த இரண்டாவது ஆளை எனக்குத் தெரியும். என் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டவர். அதுதான் கூடுதலாக வலித்தது.

சரி, அங்கே விளங்கப்படுத்த இடம் தரவில்லை, இங்கே எழுதுகிறேன். நான் இன்ஜினியர் இல்லை. ஆனால் தினமும் அடுப்படியில் நிற்கிறவள். புகை எங்கே போகிறது என்று தெரிய அதற்கு மேல் ஒரு படிப்பும் வேண்டாம்.

கேஸ் அடுப்பில் மீன் பொரிக்கும்போது மேலே எழும்புவது மணம் மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளி எழும்பும். ஈரம் எழும்பும். சூடு எழும்பும். கேஸ் எரிவதாலேயே வருகிற காபன் மொனொக்சைட்டும் நைதரசன் டையொக்சைட்டும் எழும்பும். குழாய் இல்லாத ஹூட் என்ன செய்கிறது? இந்தக் காற்றை உறிஞ்சி, வலையில் கொஞ்ச எண்ணெயைப் பிடித்து, காபனில் கொஞ்ச மணத்தைப் பிடித்து, மிச்சத்தை உங்கள் முகத்துக்கு நேரே திருப்பி விடுகிறது. ஈரத்தைக் காபன் பிடிக்காது. சூட்டைப் பிடிக்காது. காபன் மொனொக்சைட்டைப் பிடிக்காது. அந்தக் காபனும் பெரும்பாலும் கழுவிப் பாவிக்கிற சாமான் இல்லை, சில மாதத்துக்கு ஒருதரம் புதிது போட வேண்டும். நாளைக்கு அந்த மொடலுக்கு அது மட்டக்களப்பில் கிடைக்குமா என்று கடைத்தம்பியிடம் யாராவது கேட்டீர்களா?

கல்முனையில் என் மச்சாள் வீட்டில் இப்படி ஒன்று பூட்டியிருக்கிறார்கள். அவவும் நல்ல விலை கொடுத்துத்தான் வாங்கினவ. கடையில் சொன்னது இதே வசனம், குழாய் தேவையில்லை. போன முறை போனபோது இறால் பொரித்துக்கொண்டிருந்தா. ஹூட்டின் மேற்பக்கத்தில் கீறல் கீறலாகத் துவாரங்கள் இருக்கும் அல்லவா, அதற்கு முன்னால் கையை வைத்துப் பார்த்தேன். சூடான காற்று, இறால் மணத்தோடு, கையில் அடிக்கிறது. பக்கத்துப் பான்ட்ரிக் கபேட்டின் மேல் தட்டில் விரலை வைத்தேன், பிசுபிசு என்று ஒட்டியது. எடுத்த இடத்தில் விரல் அடையாளம் வெள்ளையாகத் தெரிந்தது, சுற்றிவர மஞ்சள். சீலிங்கிலும் அதே மஞ்சள். "ஹூட் போட்டிருக்கிறன்தானே, பிறகு ஏன்கா இப்படி?" என்று மச்சாள் என்னைக் கேட்கிறா. மோட்டர் நல்ல மோட்டர்தான். புகை வெளியே போக வழி இல்லை, அவ்வளவுதான்.

"லண்டனில் எங்கட சொந்தக்காரர் வீட்டில் குழாய் இல்லாமல்தானே வச்சிருக்கிறாங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். அடுக்குமாடிப் பிளட் வீட்டில் வெளிச்சுவர் கிடைக்காவிட்டால் வேறு வழி இல்லாமல் வைப்பார்கள். உங்களுக்கு நாலு பக்கமும் வெளிச்சுவர் இருக்கிறது. பிறகு ஏன் வழி இல்லாதவனைப் பார்த்துச் செய்கிறீர்கள்?

இனி அம்மாமார் கதைக்கு வருகிறேன். இதை நான் சும்மா விடமாட்டேன்.

எங்கள் அம்மம்மா 1978 சூறாவளிக்குப் பிறகு கட்டிய வீட்டில் குசினி தனியாக இருந்தது. வீட்டுக்கும் குசினிக்கும் இடையில் ஒரு தாழ்வாரம். மேலே ஓடு, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கை போகிற இடைவெளி, அடுப்புக்கு நேர் மேலே புகைபோக்கி. அந்தக் காலத்து மேசனுக்கே தெரிந்திருந்தது, புகை மேலால் போக வேண்டும் என்று. அந்தப் புகைபோக்கியை உடைத்தது யார்? நாங்கள்தான். குசினியை வீட்டுக்குள் கொண்டுவந்தோம், மேலே கொங்கிரீட் பிளேட் போட்டோம், அலுமினிய யன்னல் போட்டு இறுக்கி மூடினோம், ஹோலையும் குசினியையும் ஒன்றாகத் திறந்து விட்டோம். எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, அம்மாமார் சமைக்கவில்லையா என்று கேட்டால் அது என்ன நியாயம்?

அதோடு, அம்மாமார் நல்லாத்தான் இருந்தவர்கள் என்று யார் சொன்னது? என் அம்மாவைச் சொல்கிறேன். வாழ்க்கையில் ஒரு பீடியைத் தொடாத மனுசி. 2022இல் கேஸ் இல்லாமல் ஊரே அலைந்தபோது, சிலிண்டர் வரிசையில் நின்று நின்று வெறுத்துப்போய் அம்மா விறகுக்குத் திரும்பினா. மழைக்காலத்தில் முற்றத்தில் எரிக்க முடியாது. அடைத்துக் கட்டிய புதுக் குசினிக்குள்ளேயே கல்லை வைத்து எரித்தா. கொஞ்ச நாளில் மூச்சு எடுக்க முடியாமல் போய், இரவோடிரவாக வார்ட்டில் விட்டோம். அங்கே இருந்த இளம் டொக்டர் அம்மாவிடம் முதலில் கேட்டது, "புகைக்கிற பழக்கம் இருக்கா அம்மா?" இல்லை என்றதும் அடுத்த கேள்வி, "வீட்டில எதில சமைக்கிறீங்க? புகை வெளியால போகுமா?" அம்மா பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்தா. இன்றைக்கும் மூச்சுக்கு இழுக்கிற பம்ப் இல்லாமல் அம்மா கோயிலுக்குக்கூடப் போவதில்லை. எங்கட அம்மாமார் ஹூட் வச்சா சமைச்சவங்க என்று சிரிப்பு முகம் போட்டவர், இதையும் வாசிக்கட்டும்.

இது என் அம்மாவின் கதை மட்டும் இல்லை. வீட்டுக்குள் சமையலால் வருகிற புகை 2020இல் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 32 லட்சம் உயிரை எடுத்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்தக் கணக்கு முக்கியமாக விறகு, கரி, மண்ணெண்ணெய் மாதிரியான எரிபொருளைப் பற்றியது, கேஸைப் பற்றியது இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கேஸ் என்றாலும் பொரியல் பொரியல்தான். கடும் சூட்டில் எண்ணெயில் பொரிக்கும்போது வருகிற புகையை, மனிதருக்குப் புற்றுநோயை அநேகமாக உண்டாக்கும் என்ற 2ஏ பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வைத்திருக்கிறது, 2010இல் வெளியிட்ட தொகுதியில். கருவாடும் சூடை மீனும் பொரித்து, செத்தல் மிளகாய் வறுத்து, கிழமைக்கு நாலு தரம் தாளிக்கிற நாங்கள் இதைக் கவனிக்காமல் யார் கவனிப்பது?

யன்னலைத் திறந்தால் போதும் என்கிறவர்களுக்கு: எந்த மாதத்தில்? கச்சான் காற்று அடிக்கிற நாளில் மேற்குப் பக்க யன்னலைத் திறந்து வைத்துக் கருவாடு பொரித்துப் பாருங்கள். யன்னலால் வருகிற காற்றே புகையை ஹோலுக்குத் தள்ளும், அங்கிருந்து அறைக்கு, அறையில் மடித்து வைத்த பள்ளிக்கூடச் சட்டைக்கு. வாடைக் காலத்தில் சாரல் அடித்தால் யன்னலைத் திறக்கவே முடியாது. பிறகு எதைத் திறப்பது?

எக்சோஸ்ட் ஃபேன் போதாதா என்ற கேள்வி மட்டும் நியாயமான கேள்வி. அதைக் கேட்ட அக்காவுக்கு நன்றி. கையில் காசு குறைவென்றால், அடுப்புக்கு நேரே, சுவரில் உயரமாக, வெளியே தள்ளுகிற ஒரு நல்ல எக்சோஸ்ட் ஃபேன் பூட்டுங்கள். குழாய் இல்லாத விலைகூடின ஹூட்டைவிட அது எவ்வளவோ மேல், ஏனென்றால் புகை வெளியே போகிறது. எண்ணெய் பிடிக்கும், அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும், அது உண்மை. ஆனால் நுரையீரலைக் கழற்றிக் கழுவ முடியாதே.

ஹூட்டில் சத்தம் கூடுதல் என்றும் சொல்கிறார்கள். சத்தம் கூடுவது பெரும்பாலும் சின்னக் குழாய் பூட்டுவதால். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

"இதெல்லாம் காசுக்காரருக்குத்தான்" என்று எழுதினவர்களோடு எனக்கு உண்மையாகவே கோபம். காசு இல்லாதவரிடம் நான் ஹூட் வாங்கு என்று சொல்லவில்லை. வாங்கப் போகிற பிள்ளைதான் கேட்டது, வாங்குகிறதை ஒழுங்காக வாங்கு என்றேன். ஒரு விசயத்தைக் கேட்கிறேன். ஹோலுக்குப் போடுகிற டைல்ஸுக்கு, முன் கேற்றுக்கு, சுவர் அகல டீவிக்கு இந்தப் பேச்சு வருகிறதா? தம்பிமார் கட்டாரில் வெயிலில் நின்று அனுப்புகிற காசில்தான் அதுவும் நடக்கிறது. அப்போது ஒருவரும் அம்மாமார் டீவி பார்த்தவர்களா என்று கேட்பதில்லை. குசினிக்கு ஒரு சாமான் என்று வந்தவுடன் தான் ஊருக்கே சிக்கனம் ஞாபகம் வருகிறது.

வீட்டுப் பிளான் கீறுகிற நேரத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. அப்பா இருப்பார், மாமா இருப்பார், மேசன் பாஸ் இருப்பார். போர்ட்டிகோ எத்தனை அடி, சாமி அறை எந்த மூலை, கார் திரும்புமா என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். அந்தக் குசினிக்குள் முப்பது நாற்பது வருசம் நிற்கப் போகிறவள் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போவாள். அடுப்பு எந்தச் சுவரில் வர வேண்டும் என்று அவளிடம் கேட்பார் இல்லை. பிறகு அடுப்பு உட்சுவரில் வரும், குழாய்க்கு வழி இருக்காது, குழாய் இல்லாத ஹூட்டை விற்க ஒரு தம்பி வருவார். அந்தத் தங்கச்சி கேட்டது சுவர் பூச முன்னம். அதற்காகவே அந்தப் பிள்ளையைப் பாராட்டியிருக்க வேண்டும். சிரித்தோம்.

வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் இதை மட்டும் பாருங்கள். அடுப்பு வெளிச்சுவரில் வரட்டும். ஹூட்டின் அகலம் அடுப்பின் அகலத்துக்குக் குறையக் கூடாது, இரண்டு பர்னருக்கு 60 சென்ரிமீற்றர், பெரிய அடுப்புக்கு 90. கேஸ் அடுப்பின் மேல் 65 முதல் 75 சென்ரிமீற்றர் உயரத்தில் பூட்டுங்கள், கொம்பனிப் புத்தகத்தில் வேறாகச் சொல்லியிருந்தால் அதன்படி. பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரக் குசினியில் இருப்பது 28 கன மீற்றர் காற்று. மணிக்குப் பன்னிரண்டு தரம் அதை மாற்ற, ஹூட் மணிக்கு 340 கன மீற்றர் காற்றை இழுத்தால் போதும் என்று கணக்குச் சொல்லும். எங்கள் பொரியலுக்கு அதைப்போல இரண்டு மடங்காவது பாருங்கள், ஏனென்றால் பெட்டியில் போடுகிற எண் பெரும்பாலும் குழாய் பூட்டாமல் அளந்தது. கல்லடி, நாவலடி மாதிரிக் கடலோரத்தில் இருக்கிறவர்கள் பெயின்ட் அடித்த இரும்பு வாங்க வேண்டாம், உப்புக்காற்றில் நிற்காது, நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் கேளுங்கள். ஹூட் ஓடும்போது எதிர்ப்பக்கக் கதவையோ யன்னலையோ கொஞ்சம் திறந்து விடுங்கள், உள்ளே காற்று வராமல் வெளியே காற்றுப் போகாது. குழாயைச் சீலிங்குக்கு மேலே விட்டுவிட்டு வெளியே விட்டோம் என்று சொல்கிற வேலையாட்களும் இருக்கிறார்கள். விடாதீர்கள், கூரை மரத்தில் எண்ணெய் படிந்தால் தீப்பிடிக்கிற ஆபத்து. வெளிவாயில் வாடைக்கு முகம் கொடுத்தால் மேலால் மறைப்பு உள்ள தொப்பியும், உள்ளே காற்றுத் திரும்பாத தட்டும் போடுங்கள்.

குழாய் ஆறு இன்ச். வளைவு ஒன்று, கூடினால் இரண்டு. மேசன் நாலு இன்ச் பிவிசித் துண்டு மிச்சம் கிடக்கிறது, அதையே வைப்போம் என்பார். நாலு இன்ச் குழாயின் வாய், ஆறு இன்ச்சின் வாயில் பாதிகூட வராது. மோட்டர் கத்தும், புகை போகாது. சுவர் எழும்பும்போதே பக்கத்தில் நின்று ஆறு இன்ச்சுக்கு ஓட்டை விடுவியுங்கள், பூசின பிறகு உடைக்க ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள்.