220 வெள்ளி போர்டுக்கு ஒரு வக்காலத்து

சனிக்கிழமை அக்கா வீட்டில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், படமும் சுற்றிவிட்டது. அக்கா மகனுக்கு நான் பூட்டிக் கொடுத்த கணினியின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போடுற போர்டைப் போட்டிருக்கீங்க?" என்று அத்தனை பேர் முன்னிலையில் கேட்ட தம்பிக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. கையில் கேசரித் தட்டு இருந்தது. இப்போது சொல்கிறேன்.

கணினியின் எல்லாப் பாகங்களையும் செருகும் பலகையான மதர்போர்டு வேகம் கொடுப்பதில்லை. வேகம் பிராசசரிலும் கிராபிக்ஸ் கார்டிலும் இருக்கிறது. அவற்றுக்குச் சீராக மின்சாரம் தருவதும், நாம் செருக நினைப்பதற்கு இடம் தருவதும்தான் போர்டின் வேலை. அக்கா மகனுடைய ஏஎம்டி பிராசசரான ரைசன் 5 7600 முழு மூச்சாக உழைத்தாலும் ஏறத்தாழ 88 வாட்தான் கேட்கும். அதற்கு 220 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கிய பி650 ரகப் போர்டு தாராளம். 600 வெள்ளி போர்டில் உட்கார வைத்தாலும் அதே 7600 அதே வேகத்தில்தான் ஓடும். தேசிய சேவையின்போது மாதாமாதம் கிடைத்த படியில் பையன் மிச்சம் பிடித்த பணம் இது. அதைத் தீபாவளி நேரத்துச் சிராங்கூன் சாலை போல மின்னும் ஒரு பலகையில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. மீதி கிராபிக்ஸ் கார்டுக்குப் போனது.

பி650-க்குப் பிறகு வந்த எக்ஸ்870 ரகப் போர்டை வாங்கியிருக்கலாம் என்கிறார்கள். வாங்கியிருக்கலாம். பி650-இல் இருக்கும் அதே புரோமோன்டரி 21 என்ற கட்டுப்பாட்டுச் சில்லுதான் எக்ஸ்870-இலும் ஒன்றே ஒன்று இருக்கிறது என்பதைச் சொன்னவர்கள் பார்த்தார்களா என்று தெரியவில்லை. அதில் யுஎஸ்பி4 என்ற அதிவேக இணைப்பு கட்டாயம் உண்டு, உண்மை. ஆனால் அதற்கு பிசிஐஇ எனும் தரவுப் பாதையில் நான்கு தடங்கள் போய்விடுவதால், சில போர்டுகளில் எம்.2 எனப்படும் செருகிடங்களில் இரண்டாவதில் எஸ்எஸ்டி சேமிப்பகத்தைச் செருகினால் யுஎஸ்பி4-உம் அதுவும் அந்தத் தடங்களைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கையேட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். யுஎஸ்பி4-இல் செருக நம் பையனிடம் இருப்பது ஒரு பென்டிரைவ்.

நாளைக்குப் புதிய பிராசசர் வந்தால் என்ன செய்வான் என்பது அடுத்த கேள்வி. இந்தப் போர்டில் பிராசசர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டியே அறிவித்திருக்கிறது. அடுத்த தலைமுறை ரைசன் 9000 வேண்டுமென்றால் போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால் போதும். பிராசசர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் பொத்தான் பின்பக்கம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன்.

மலிவான போர்டு புகைந்துவிடும் என்கிறவர்களை மட்டும் நான் மறுக்கவில்லை. 2003-இல் சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் வாங்கிய என் முதல் போர்டு இரண்டு ஆண்டுகளில் படுத்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் கெப்பாசிட்டர்கள் எனும் மின்தேக்கிகளின் தலை பூரி போல உப்பியிருந்தது. ஒன்றின் உச்சியில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. அந்தக் காலத்தில் தரமற்ற கெப்பாசிட்டர்கள் விலை உயர்ந்த போர்டுகளையும் விட்டுவைக்கவில்லை. விலைச்சீட்டைப் பார்ப்பதை அன்றே நிறுத்தினேன். சாக்கெட்டைச் சுற்றியுள்ள, பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் மீது, சூட்டை இறக்கும் உருப்படியான ஹீட்சிங்க் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். இதில் இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிய தம்பி அதையும் பார்த்திருக்கலாம்.

இவருக்கு வயதாகிவிட்டது, பழைய ஆள் என்று சிலர் நினைப்பீர்கள். இருக்கட்டும். ஏஎம்5-இல் 1718 ஊசிகளும் போர்டின் பக்கம் இருக்கின்றன; ஒன்று வளைந்தாலும் கதை முடிந்தது. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி பிராசசரை இறக்கியவன் இந்தப் பழைய ஆள்தான். முதன்முறை இயக்கியபோது டிடிஆர்5 நினைவகம் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் வரை சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருந்தது. கெட்டுவிட்டதோ என்று பையன் பதறியபோது தோளில் கை வைத்து உட்கார வைத்தவனும் நான்தான்.

சனிக்கிழமை சிரித்தவர்களில் அவனும் ஒருவன்.

நேற்றிரவு அவனிடமிருந்து செய்தி வந்தது: "மாமா, வைஃபை ஆண்டெனாவை எங்கே திருகணும்?" அந்தத் தம்பியிடமே கேட்டுக்கொள் என்று தட்டினேன். பிறகு அதை அழித்துவிட்டு, பின்பக்கத்தில் பித்தளை நிறத்தில் இரண்டு முனைகள் இருக்கும், கையாலேயே திருகு, குறடு வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன்.