கூட்டை விட்டுவிட்டுக் கொடியை மாற்றிக் கட்டுங்கள்

பங்குனி பிறந்ததும் கொல்லைக் கொடியில் மாட்டிய கம்பி ஹேங்கர் ஒன்று காணாமல் போனால், அண்ணாந்து வேப்பமரத்தைப் பாருங்கள். கிளை கவைக்கும் இடத்தில் நாலு குச்சி குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். காகம் வேலையை ஆரம்பித்துவிட்டது.

"பிள்ளை தலையில கொத்துதுங்க, கூட்டைத் தள்ளிவிட ஆள் கிடைக்குமா?" ஒவ்வொரு கோடையிலும் இந்தப் பேச்சு வருகிறது. தள்ளிவிடாதீர்கள். காகம் மூர்க்கமாக இருப்பது மொத்தமே நாலைந்து வாரம்தான். அது எப்போது வரும் என்று முன்கூட்டியே காலண்டரில் குறித்து வைக்கவும் முடியும்.

கணக்கு இதுதான். கூடு கட்ட ஏறக்குறைய பத்து நாள். வெளியே சுள்ளியும் கம்பியும், உள்ளே கிண்ணம் மாதிரி தேங்காய் நார், முடி, கந்தல். பிறகு நாளுக்கு ஒன்றாக மூன்று முதல் ஐந்து முட்டை. வெளிர் நீலப்பச்சையில் பழுப்புப் புள்ளி தெளித்திருக்கும். அடைகாப்பு 16, 17 நாள். பொரித்த குஞ்சு கூட்டை விட்டு இறங்க இன்னும் மூன்று நான்கு வாரம். எல்லாம் சேர்த்தால் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். ஒரு காகம் எழுந்திருக்காமல் கூட்டிலேயே உட்கார ஆரம்பித்த நாளைக் குறியுங்கள். அதிலிருந்து பதினேழாம் நாள் வாக்கில் பெற்றவை வாயில் இரையோடு கூட்டுக்குப் போய்வரத் தொடங்கும். அன்று முதல்தான் எச்சரிக்கை. குஞ்சு இறங்கும் வாரம் மிகக் கடுமையாக இருக்கும்.

அந்த வாரங்களில் துணிக்கொடியை மரத்தடியிலிருந்து வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றிக் கட்டுங்கள். காகம் பெரும்பாலும் பின்னாலிருந்துதான் பாயும். அதைப் பார்த்துக்கொண்டே நடந்தால் தயங்கும். பிள்ளைகளுக்குக் குடையோ தொப்பியோ போதும். கல்லெறிவது மகா தவறு. அமெரிக்காவின் சியாட்டிலில் பறவை ஆய்வாளர் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் 2006இல் முகமூடி அணிந்து காகங்களைப் பிடித்து, பிறகு பறக்க விட்டார்கள். அதே முகமூடியைப் பிறகு யார் போட்டு நடந்தாலும் காகங்கள் கத்தித் துரத்தின. அங்குள்ள காகம் வேறு இனம்தான். ஆனாலும் ஒருமுறை கல்லெறிந்தவரைத் தேடி வந்து கொத்தும் காகத்தை நம் தெருக்களிலும் எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள்.

வடகம் பிழியும் காலமும் இதுவேதான். பழைய வேட்டியையோ கொசுவலையையோ மேலே விரித்து நாலு முனையிலும் செங்கல் வையுங்கள். வலை வடகத்தில் ஒட்டாமல் இருக்க இரண்டு நாற்காலிக்கு நடுவே தூக்கிக் கட்டினால் நல்லது. தண்ணீருக்கு அகலமான மண்சட்டியில் இரண்டு அங்குலம் ஊற்றி, தினமும் கொட்டிக் கழுவுங்கள், கொசு வராது. சோறு வைத்தால் உப்பில்லாத சோறாக வையுங்கள். மிக்சர், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். எலி மருந்தை இந்த மாதங்களில் கட்டாயம் நிறுத்துங்கள். செத்த எலியைக் காகம் தூக்கிப் போய்க் குஞ்சுக்கு ஊட்டினால் கூடே காலி. நைலான் நூலையும் கொல்லையில் போடாதீர்கள். அதுவும் கூட்டுக்குள் போய்க் குஞ்சின் காலைச் சுற்றி இறுக்கும்.

குயில் கூவுவதும் இதே மாதங்களில்தான். கரிய ஆண்குயில் வேண்டுமென்றே கூட்டுப் பக்கம் வந்து கூவும். காகங்கள் அதைத் துரத்திப் போகிற நேரத்தில், புள்ளி போட்ட பழுப்புப் பெட்டை வந்து முட்டையிட்டுவிடும். குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரிந்துவிடுவதால், காக்கைக் குஞ்சுகள் வெளிவரும் முன்பே குயில் குஞ்சு இரைக்கு வாய் திறந்திருக்கும். இறகு வளர்ந்தபின் வாலையும் பட்டைக்கோடுகளையும் வைத்து அடையாளம் காணலாம். சமையலறை ஜன்னலிலிருந்தே இத்தனையும் தெரியும். மரத்தில் ஏறவோ கம்பில் செல்பேசியைக் கட்டி நீட்டவோ வேண்டாம்.

குஞ்சு கீழே விழுந்தால்தான் பலரும் தவறு செய்கிறார்கள். பாவம் என்று பாலையும் தண்ணீரையும் வாயில் ஊற்றுகிறார்கள், அது மூச்சுக்குழாயில் போய்க் குஞ்சு செத்துவிடுகிறது. இறகு முளைத்து, வால் குட்டையாக, கண் நீலச்சாம்பலாக, வாய்க்கோடி ரோஜா நிறமாக இருந்தால் அது விழவில்லை, பறக்கப் பழகுகிறது. மதில்மேல் எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், பூனை நாயை மட்டும் கட்டுப்படுத்துங்கள். பெற்றவை தரைக்கே வந்து ஊட்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள்! இறகில்லாத குஞ்சானால் அடியில் ஓட்டையுள்ள சிறு கூடையில் நார் பரப்பி வைத்து, எட்டும் உயரத்துக்கு அதே மரத்தில் கட்டுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் கதை. அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மின்கம்பத்தில் கட்டிய கூடு வேறு விஷயம். அந்த ஹேங்கர் கம்பி இரண்டு லைனைத் தொட்டால் ஷார்ட் ஆகும். தொரட்டியை எடுத்து நீங்கள் தட்டாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காகத்தை முன்பு எலியோடு சேர்த்து ஐந்தாம் அட்டவணையில், தீங்குயிர் என்று வைத்திருந்தது. 2022 திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கிவிட்டது. நல்ல காரியம்.

கிளை கழிக்க வேண்டுமானால் மாசிக்குள் முடியுங்கள், தவறினால் ஆவணி வரை பொறுங்கள். குஞ்சுகள் போய் இரண்டு வாரம் ஆகி, கூட்டுக்கு எதுவும் வரவில்லை என்று தெரிந்தபின் கிளையை இறக்கலாம். கூட்டை ஒரு சாக்கின்மேல் வைத்துப் பிரித்துப் பாருங்கள். வளைத்துச் செருகிய ஹேங்கர், கட்டுக்கம்பி, விளக்குமாற்று ஈர்க்கு, நடுவில் மெத்தையாய் நார். கம்பிகளைத் தனியே எடுத்துப் பழைய இரும்புக்குப் போடுங்கள், நாரை மரத்தடியிலேயே விடுங்கள்.