200 ஆம்ப் பேனலில் சோலாருக்கு 40 ஆம்ப்தானா?

அமெரிக்காவில் வீட்டு சோலார் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது: "மெயின் 200 ஆம்ப் என்றால் சோலாருக்கு 40 ஆம்ப்தான். அதற்கு மேல் போனால் பேனலையே மாற்றணும்." (பேனல் என்பது இங்கே சோலார் தகடு அல்ல, வீட்டின் பிரேக்கர் பெட்டி; மெயின் என்பது அதன் முதன்மை பிரேக்கர்.) பாதிதான் சரி.

அந்நாட்டின் தேசிய மின் விதித்தொகுப்பு, பிரிவு 705.12, பஸ்பாரின், அதாவது பெட்டிக்குள் பிரேக்கர்கள் இணையும் உலோகப் பட்டையின், ஆம்ப் அளவைத்தான் பார்க்கிறது. அதன் 120 சதவீதத்தில் மெயின் பிரேக்கரைக் கழிக்க வேண்டும். பஸ்பாரும் 200 என்றால் மிச்சம் 40. சில பேனல்களில் பஸ்பார் 225. அப்போது 270-இல் 200 போக 70. கதவின் உட்பக்க லேபிளைப் பாருங்கள், அவ்வளவுதான்.

சோலார் மின்சாரத்தை வீட்டுக்கான ஏசி மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் தரும் மின்னோட்டத்தின் 125 சதவீதம் அந்த மிச்சத்துக்குள் அடங்க வேண்டும். சோலார் பிரேக்கர் மெயினுக்கு எதிர்முனையில் இருக்க வேண்டும். முக்கியமான இதைச் செய்தி சொல்லவே இல்லை!

லோடு கணக்கு, அதாவது வீட்டின் மின் தேவைக் கணக்கு, இடம்கொடுத்தால் மெயினை 175-க்கு இறக்கலாம். 200 பஸ்பாரிலேயே 65 கிடைக்கும். சோலாரை மெயினுக்கு முன்பே இணைத்தால் இந்த 120 சதவீதக் கணக்கே கிடையாது.