நடுவுல எதுக்கு சார்?

இரவு 11:20. விளக்கை அணைத்துப் படுத்து, கண் செருகுகிற நேரம். மேலே 'க்ர்ர்ர்ர்' என்று ஒரு நாற்காலி. இழுக்கிறார்கள், நிறுத்துகிறார்கள். சரி, முடிந்தது என்று மூச்சு விட்டால் இன்னும் ஒரு முழம் இழுக்கிறார்கள். அப்புறம் ஓர் எவர்சில்வர் டம்ளர் விழும். விழுந்தால் விழுந்துவிட்டுப் போகட்டும், அது உருளும். உருண்டு, சுவரில் முட்டி, வட்டமடித்து அடங்குகிற வரைக்கும் நான் கீழே மல்லாந்து படுத்தபடி அது ஹாலிலிருந்து எந்த அறைக்குப் போகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். விடிகாலை 5:45க்குக் கிரைண்டர். நான் அலாரம் வைப்பதையே விட்டுவிட்டேன்.

தாம்பரம் பக்கம் ஐந்து மாடிக் குடியிருப்பு. எங்களுடையது மூன்றாவது மாடி. வாங்கும்போது விளம்பரத் தாளில் 'அமைதியான சூழல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பொய் இல்லை. வெளியே அமைதிதான், குயில்கூடக் கூவுகிறது. தலைக்கு மேலே என்ன என்று நான்தான் கேட்கவில்லை. இருபது வருடக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிற அவசரத்தில் யார் அதையெல்லாம் கேட்பார்கள்?

மேல் வீட்டுக்காரர்கள் மோசமானவர்கள் என்று சொல்ல வரவில்லை. பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தனுப்புகிறவர்கள். அவர்கள் வீட்டில் அவர்கள் நடக்கிறார்கள், உட்காருகிறார்கள், இட்லிக்கு மாவரைக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் நாற்காலியைத் தூக்கி வைத்தா ஒரு குடும்பம் வாழ முடியும்? சொல்லப்போனால் எங்கள் கீழ் வீட்டுப் பெரியவர் லிஃப்டில் என்னைப் பார்த்தால் ஒரு மாதிரி சிரிக்கிறார். என் பையனுக்கு ஸ்கிப்பிங் கயிறு வாங்கிக் கொடுத்ததை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. ஆகவே என் கோபமெல்லாம் அந்தத் தரை மேல்தான். அதைப் போட்டவர்கள் மேல்.

என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா? ஐந்தோ ஆறோ அங்குலக் காங்கிரீட் தளம். அதன்மேல் இரண்டு அங்குலம் மணலும் சிமெண்டும் குழைத்த கலவை. அதன்மேல் முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ். டைல்ஸ் கலவையோடு ஒட்டியிருக்கிறது, கலவை தளத்தோடு, தளம் சுவரோடும் தூணோடும். மொத்தக் கட்டடமும் ஒரே கல். மேலே கரண்டி விழுந்தால் அடி வாங்குவது என் படுக்கையறைக் கூரை. அது போதாதென்று சுவர் வழியாகவும் இறங்கும். ஒரு நாள் ராத்திரி 'சுத்தியல் வச்சு அடிக்கிறீங்களா?' என்று மேலே போய்க் கேட்டு அசடு வழிந்தேன். அடித்தது ஐந்தாவது மாடியில் யாரோ. நாலாவது மாடிக்காரர்களும் என்னைப் போலவே தூங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கு மருந்து என்ன என்று என் பாட்டிக்குத் தெரியும். பழைய துண்டை நாலாக மடித்து மிக்ஸிக்கு அடியில் வைத்த பிறகுதான் சுவிட்சில் கை வைப்பாள். கெட்டியான இரண்டுக்கு நடுவில் மெத்தென்று ஏதாவது இருந்தால் அதிர்வு அங்கேயே அமுங்கிவிடும். கட்டுமானத்தில் இதையே செய்தால் மிதக்கும் தரை என்கிறார்கள். தளத்தின் மேல் ரப்பர் விரிப்பு, கார்க், கல்லை உருக்கிப் பஞ்சாக்கிச் செய்த ராக்வூல் பலகை என்று ஏதோ ஒன்று, அதன்மேல் கலவை, அதன்மேல் டைல்ஸ். மேலே நடக்கிறவருக்கு அதே கெட்டித் தரைதான், துடைக்கலாம், கோலம் போடலாம். ஆனால் அந்தத் தரை கீழே இருக்கிற தளத்தைத் தொடாது. சுவரையும் தொடக் கூடாது, ஓரம் முழுக்க நுரைப்பட்டை வைக்க வேண்டும். ஓர் இடத்தில் கலவை வழிந்து சுவரோடு சேர்ந்துவிட்டாலும் சத்தம் அந்தச் சந்து வழியாக இறங்கிவிடும். அவ்வளவு கறாரான வேலை. ஆனால் ராக்கெட் விடுகிற வேலை இல்லை.

இது புரிவதற்கு முன்னால் நான் பணத்தைக் கொட்டி ஏமாந்தேன். உள் அலங்காரம் செய்கிற ஒருவர் வந்து, கூரையில் முட்டை அட்டை மாதிரி மேடு பள்ளமான கறுப்பு ஃபோமை ஒட்டினால் 'பின் டிராப் சைலன்ஸ் சார்' என்றார். ஒட்டினார். அறை சுடுகாட்டுக் கொட்டகை மாதிரி ஆனதுதான் மிச்சம். அந்த ஃபோம் அறைக்குள் எழும்புகிற எதிரொலியைத்தான் உறிஞ்சும். காங்கிரீட்டுக்குள் ஓடி வருகிற அதிர்வை அது என்ன செய்யும்? எதிரொலி போனதில் டிவி தெளிவாகக் கேட்டது. மேல் வீட்டு நாற்காலியும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது!

மற்ற நாடுகளில் இதற்கு ஓர் இயந்திரமே இருக்கிறது. ஐந்து சுத்தியல், ஒவ்வொன்றும் 500 கிராம், 40 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து மாறி மாறி வினாடிக்குப் பத்து தட்டு. அதை மேல் வீட்டில் ஓட விட்டுக் கீழ் வீட்டில் அளக்கிறார்கள். வெறும் ஆறு அங்குலக் காங்கிரீட் என்றால் 75 டெசிபல் சுமாருக்கு வரும். இங்கிலாந்தில் புது அடுக்குமாடி வீடு என்றால் 62ஐத் தாண்டக் கூடாது. தென்கொரியாவில் மாடிக்கு மாடி கேட்கிற சத்தத்துக்கென்று தனிச்சொல்லே உண்டு. அளக்கும் முறை கொஞ்சம் வேறு என்றாலும், அங்கே 2022 முதல் வரம்பு 49. குழந்தைகள் குதிக்கிற சத்தத்துக்குத் தனியாக ஒரு ரப்பர் பந்தைப் போட்டுப் பார்க்கிறார்கள். நம்மிடம் ஏட்டில் இல்லாமல் இல்லை. கட்டடங்களில் சத்தத்தைத் தடுப்பதற்கென்று ஐ.எஸ். 1950 என்ற இந்தியத் தர நெறிமுறை (1950 அதன் எண், ஆண்டு இல்லை) 1962லேயே வந்துவிட்டது. 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பின் எட்டாம் பாகத்திலும் ஒலிக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. பக்கத்து இடைவெளி எத்தனை அடி, கார் எங்கே நிற்கும் என்று நாடா பிடித்து அளக்கிறார்கள் அல்லவா, அதே ஆட்கள் ஒரு தடவை அந்தச் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன?

பொருளுக்குப் பஞ்சம் என்றாலாவது பொறுத்துக்கொள்ளலாம். பழைய டயரைத் தூளாக்கி அழுத்திய ரப்பர் விரிப்பு எங்கள் தெரு முனை ஜிம்மிலேயே கிடக்கிறது, டம்பெல் விழுகிற இடத்தில். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் மலை மலையாகக் குவிகிறது. ஐரோப்பாவில் தரைக்கு அடியில், மேலே தட்டுகிற சத்தத்தைத் தடுக்க, தேங்காய் நார்ப்பாய் விரிக்கிற வழக்கம் உண்டு. தேங்காயை உடைத்துத் தின்கிற நமக்குத்தான் அந்தப் பாக்கியம் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் மேல் வீட்டில் தரையை மாற்றினார்கள். பழைய டைல்ஸைக் கொத்தி எடுக்கவே பத்து நாள். அவர்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், நான் எங்கே போவது? ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷம். கலவை போடுவதற்கு முன் தளம் வெறுமையாகக் கிடக்கும், நுழைய இதுதான் சமயம். மேல் வீட்டுக்காரரைப் பிடித்து, 'சார், ஒரு ரப்பர் விரிப்பு மட்டும் போட்டுடுங்க, காசு நான் தர்றேன்' என்றேன். ஐந்து மில்லிமீட்டர். ஒரு பென்சில் பருமன்கூட இல்லை. குதிகாலால் தொம் தொம் என்று நடப்பதை அது அவ்வளவாகத் தடுக்காது, அதற்கு இன்னும் தடிமன் வேண்டும். ஆனால் நாற்காலியும் டம்ளரும் கரண்டியும் 15, 20 டெசிபல் இறங்கும். 10 குறைந்தாலே காதுக்குப் பாதியானது மாதிரி இருக்கும்.

அவர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி என்னைப் பார்த்தார், ஏதோ கிரகத்திலிருந்து இறங்கியவனைப் பார்க்கிற மாதிரி.

'நடுவுல எதுக்கு சார்? கீழ ஸ்லாப், மேல டைல்ஸ். நடுவுல மெத்துனு இருந்தா டைல்ஸ் வெடிச்சிடும்.'

கண்ட பஞ்சை வைத்தால் வெடிக்கும்தான், நான் மறுக்கவில்லை. அதற்கென்றே செய்த, பாரம் தாங்குகிற விரிப்பு இருக்கிறது, மேலே போடுகிற கலவையில் கம்பி வலை வைத்தால் போதும் என்றேன். போனில் படம் காட்டினேன். மேஸ்திரி படத்தைப் பார்க்கவே இல்லை. 'லெவல் ஏறிடும் சார், கதவு இடிக்கும்' என்றார். கதவின் அடியில் இழைத்துவிடுவதற்கு ஆசாரி கூலியையும் நானே தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேல் வீட்டுக்காரர் என் தோளில் கை போட்டு, 'இதுக்கெல்லாம் டென்ஷன் ஆகாதீங்க சார், நாங்க சத்தம் போடாம நடந்துக்குறோம்' என்றார். அவ்வளவு அன்பாகச் சொல்கிற மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

போட்டார்கள். நாலுக்கு இரண்டு அடி டைல்ஸ், மார்பிள் மாதிரி சாம்பல் நரம்பு ஓடுகிறது. அடியில் மணல், சிமெண்ட், அப்புறம் நான்.

ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறோம் என்று கூப்பிட்டார்கள், போனேன். தட்டில் மைசூர்பாகு. அந்த அம்மா முகமெல்லாம் பூரித்துப்போய்த் தரையைக் காட்டினார்.

'பழைய டைல்ஸ் மாதிரி சொரசொரப்பே இல்லண்ணா. என்னமா வழுக்குது பாருங்க, டைனிங் டேபிளையே நான் ஒருத்தியா இழுத்துப் போட்டுடுறேன்!'

இழுத்தும் காட்டினார்.